மாமியின் முரசில் (ஈறில்) ரத்தம் நிண்டுட்டு, பல் ஆடுது: ஆலம்விழுது பற்றித் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

படுவான்கரைப் பிள்ளை
வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்து வாசிங்க.

என்ட மாமிக்கு 63 வயசு. போன மாரிக்கு முந்தியே பல் விளக்கக்குள்ள ரத்தம் வரத் தொடங்கிச்சு. கொப்பளிச்சுத் துப்பினா கிணத்தடிக் கல்லு இளஞ்சிவப்பா இருக்கும். ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினம். சனம் கூட. வாயத் திறந்து பாத்த மாதிரிக்குப் பாத்துட்டு, "வயசுதானே அம்மா" எண்டு அனுப்பிட்டாங்க. மாமி அதுக்குப் பிறகு எங்கயும் வரமாட்டன் எண்டுட்டா.

மறுகா ஊருல ஒரு பெரியவர் சொல்லி ஆலம்விழுதால விளக்கத் தொடங்கினா. காலையில ஆலம்பட்டை அவிச்ச தண்ணியில கொப்பளிப்பா. ரெண்டு கிழமையில ரத்தம் நிண்டுட்டு. எனக்கும் சந்தோசம்தான், நானே பட்டை வாங்கி வச்சுக் குடுத்தன். இப்ப ஆறு மாசம். ரத்தம் ஒரு சொட்டு இல்ல. ஆனா கீழ்வரிசை முன்பல் ரெண்டு நாக்கால தள்ளினா ஆடுது எண்டு நேத்துத்தான் சொன்னா.

நான் உயர்தரத்துல உயிரியல் படிச்சனான். துவர்ப்புல தனின் எண்டு ஒரு பொருள் இருக்கு, அது பல் ஊத்தையில இருக்கிற பக்டீரியாவக் கொல்லும் எண்டு கன இடத்துல வாசிச்சிருக்கன். அப்ப ஏன் பல் ஆடுது? விழுதுல பிழையா, நாங்க செஞ்ச முறையில பிழையா?


ஆலையடிவேம்பான்
வெள்ளி, இரவு 9.42

ஆலும் வேலும் பல்லுக்குறுதி எண்டு நம்மட ஆக்கள் சும்மா சொல்லல்ல தங்கச்சி. எங்கட ஆச்சி எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சவ. விழுத விட்டுறாதிங்க. ஆடுற பல்லுக்குக் கடுக்காய்ப்பொடி சேத்துப் பாருங்க.


நாவற்குடா ரசாயனம்
வெள்ளி, இரவு 11.05

நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பல் எனக்குத் தெரியாது, தனின் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

கடுக்காயைக் கடித்ததும் நாக்கு காய்ந்து கன்னம் உள்ளே இழுபடுவது போல் இருக்குமே, அது புளிப்பு, கசப்பு மாதிரியான சுவை இல்லை. எச்சிலில் வழுக்கலுக்கென்று இருக்கும் புரதங்களைத் தனின் பிடித்துத் திரளாக்கிவிடுகிறது. வழுக்கல் போனதும் நாக்கும் கன்னமும் உரசுகின்றன. அந்த உரசலுக்குத்தான் நாம் துவர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணியில் கலக்கித் துணியில் வடியுங்கள். ஆறவைத்த கடும் சாயத் தேத்தண்ணியை அதில் மெல்ல ஊற்றுங்கள். உடனே கலங்கும். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் பழுப்பு நிறத் திரளாக அடியில் இறங்கும். என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதற்குத்தான் கிட்ட வந்து நின்று பார்ப்பார்கள்.

இனிப் பல்லுக்கு வாருங்கள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பக்டீரியா, 1924 இல் கிளார்க் என்பவர் சூத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்தது. அது சீனியை வெட்டி ஒரு பசை செய்யும், குளுக்கன் என்று பெயர். அந்தப் பசையால்தான் பல்லில் ஒட்டிக் குடியிருக்கிறது. பசை செய்யும் நொதியமும் புரதம், பல்லைப் பற்றுவதற்கு அதன் உடம்பில் இருக்கும் கொளுக்கிகளும் புரதம். தனின் இரண்டையும் பிடிக்கும். பக்டீரியாவுக்குத் தேவையான இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் வாசித்தது பொய் இல்லை. ஆய்வுகூடத்தில் நடக்கிறது.

எல்லாத் தனினும் ஒன்று என்று நினைக்கவேண்டாம். கடுக்காய், மாசிக்காய் வகை நீரில் உடைந்து கல்லிக் அமிலம் தரும். ஆலம்பட்டை, பாக்கு, கண்டல் வகை சங்கிலி போலக் கோர்த்தது, அப்படி உடையாது. நாவற்குடா, மருதமுனை என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே நிற்கும் நாவலும் மருதும்கூடப் பட்டையில் தனின் நிறைந்த மரங்கள்தான்.


வலைக்காரன் மகன்
சனி, காலை 6.20

சேர் கண்டல் எண்டதும் எழுதாம இருக்க ஏலல்ல. எங்கட அப்பா வாவியில தொழில் செஞ்சவர். நைலோன் வர முந்தி பருத்தி நூல்வலைதான். கண்டல் பட்டைய இடிச்சு, பெரிய அண்டாவுல அவிச்சு, தண்ணி கருஞ்சிவப்பா வந்த பிறகு வலைய அதுல ஊறப்போடுவாங்க. எடுத்துக் காயவச்சா வலை தோல் மாதிரி விறைப்பா இருக்கும், கை எல்லாம் சிவப்பு, ரெண்டு மூணு நாளைக்குப் போகாது. அப்படிப் போட்டாத்தான் நூல் உக்காது. போடாத வலை கொஞ்ச நாளையில பிஞ்சு போகும்.

நான் சின்னப் பொடியனா அப்பாக்கிட்ட கேட்டன், ஊத்தை வலைக்கும் போடலாமா எண்டு. "முதல் கழுவோணும், காயவைக்கோணும், மறுகாத்தான் பட்டைத் தண்ணி. சேத்தோட போட்டாச் சேறுதான் சாயம் பிடிக்கும்" எண்டார். உங்கட மாமிட கதைய வாசிக்கக்குள்ள அதுதான் ஞாபகம் வந்திச்சு.

(இப்ப யாரும் கண்டல் வெட்டப் போகவேண்டாம். இறாலும் மீனும் குஞ்சு வளக்கிற இடம் அது.)


சம்மாந்துறை மூலிகை
சனி, காலை 10.15

பரம்பரையாக மருந்து செய்கிறோம். ஆலம்விழுதின் இளநுனியைத்தான் எடுக்கவேண்டும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம். நுனியை மென்று தும்பாக்கி, முரசிலிருந்து பல்லின் நுனிப்பக்கமாக இழுத்து விளக்கவேண்டும். குறுக்காகத் தேய்க்கக்கூடாது. மறுநாள் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக மெல்லவேண்டும். இன்று பலர் முற்றிய விழுதை வாங்கி, பிரஷ் பிடிக்கிற மாதிரிக் குறுக்காக அறுக்கிறார்கள். முரசு கீழிறங்கி வேர் தெரிவதற்கு அது போதும்.

உமிக்கரியோடு சேர்ப்பதையும் விடுங்கள். நெல் விளையும் ஊரில் உமி சும்மா கிடைக்கிறது என்பதற்காகப் பல்லில் போட முடியாது. உமியில் இருப்பது மணலின் கூறு. பல்லின் மினுக்கை (எனாமலை) அரைத்து எடுத்துவிடும். போன மினுக்கு திரும்ப முளைக்காது.

பட்டைக் கசாயத்துக்கு நான் சொல்லும் கணக்கு ஒரு கைப்பிடிக்கு நாலு கோப்பைத் தண்ணீர், ஒரு கோப்பையாக வற்றவேண்டும். வாயில் வைத்துத் துப்புவதற்கு மட்டும், குடிப்பதற்கு அல்ல. சாப்பாட்டோடு உள்ளே போனால் உடம்பு இரும்பை எடுப்பது குறையும். இரத்தம் குறைந்தவர்கள் கவனம்.

பல் ஆடுவதற்கு என்னிடம் வந்தால் நான் பல் டொக்டரிடம்தான் அனுப்புவேன். விழுது துணை, அதற்குமேல் இல்லை.


பல் வைத்தியர் (அம்பாறை மாவட்டம்)
சனி, பிற்பகல் 2.30

தங்கச்சி, முதலில் உங்கள் மாமியைப் பற்றி. ஆடும் பல்லை இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். வருகிற கிழமைக்குள் ஆதார வைத்தியசாலைப் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு இல்லை. வரிசை இருக்கும், காலையில் வெள்ளென போங்கள். முன்பு ஓரிடத்தில் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது நடந்திருக்கக்கூடாது. வயது மட்டும் முரசில் ரத்தத்தை வரவைக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முரசில் ரத்தம் வருவது நோய் அல்ல, நோய் கொடுக்கும் குரல். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் உள்ள இடுக்கில் படலம் சேருகிறது. ஒரு மில்லிகிராம் படலத்தில் பத்துக் கோடியளவு பக்டீரியா இருக்கும். உடம்பு அதை எதிர்க்க அந்த இடத்துக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது, முரசு வீங்கி மென்மையாகிறது, பிரஷ் பட்டதும் கசிகிறது. இப்போது துவர்ப்பைப் போடுகிறீர்கள். ரசாயன சேர் சொன்ன அதே வேலை முரசின் மேற்பரப்பிலும் நடக்கிறது: புரதம் இறுகுகிறது, சிறு குழாய்கள் ஒடுங்குகின்றன, ரத்தம் நிற்கிறது. மேலே இருக்கும் பக்டீரியாவும் ஓரளவு குறைந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொப்பளிக்கும் நீர் முரசுக்குக் கீழே ஆழத்துக்கு இறங்காது. அங்கே படலம் உமிழ்நீரிலும் முரசுநீரிலும் உள்ள கல்சியத்தைப் பிடித்துக் காறையாக இறுகிவிட்டது. சொரசொரத்த காறைமேல் புதுப் படலம் இன்னும் சுலபமாக ஒட்டும். கீழே எலும்பு கரைந்துகொண்டே இருக்கிறது. மேலே எல்லாம் அமைதி.

புகைபிடிப்பவர்களிடமும் இதையே பார்க்கிறோம். அவர்களுக்கு முரசு ரத்தம் குறைவாகத்தான் வரும், ஆகவே கடைசி நேரத்தில்தான் வருவார்கள்.

இன்னொன்று. தண்ணீரில் தனியே மிதக்கும் பக்டீரியாவைக் கொல்லும் மருந்தின் அளவு, படலமாகக் கூடிப் பசைக்குள் ஒளிந்திருக்கும் அதே பக்டீரியாவுக்குப் போதாது. பல மடங்கு, சில மருந்துகளுக்கு ஆயிரம் மடங்குகூடத் தேவைப்படலாம். போத்தலுக்குள் வென்றது வாய்க்குள்ளும் வெல்லும் என்று எழுதும் பதிவுகள் இதைச் சொல்வதில்லை. அதோடு வாயில் எச்சில் இருக்கிறது. தனின் முதலில் எச்சில் புரதத்தில்தான் மாட்டிக்கொள்ளும், மிச்சம்தான் பக்டீரியாவுக்கு.

வலைக்காரர் மகன், உங்கள் அப்பா சொன்னது என் துறையின் பாடம். முதலில் கழுவு, பிறகு பட்டைத் தண்ணி.


படுவான்கரைப் பிள்ளை
சனி, மாலை 6.50

டொக்டர், வாசிச்சுட்டு ரெண்டு மணித்தியாலம் ஒண்டும் செய்ய ஏலாம இருந்தன். பட்டைய வாங்கிக் குடுத்தது நான். ரத்தம் நிண்டதும் "இனிப் போகத் தேவல்ல மாமி" எண்டு சொன்னதும் நான்.


பல் வைத்தியர் (அம்பாறை மாவட்டம்)
சனி, இரவு 8.15

ரத்தம் வந்ததைக் கவனித்தது நீங்கள், ஆடுவதைக் கேட்டு எழுதியதும் நீங்கள்தான். விழுதால் பல் ஆடவில்லை. விழுது இல்லாவிட்டாலும் காறை அங்கே இருந்திருக்கும்.

போகும்போது இதையும் கேளுங்கள்: மாமிக்கு நீரிழிவு இருக்கிறதா? அடிக்கடி தாகம், இரவில் பலமுறை எழும்புதல் இருந்தால் சீனி பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களின் முரசு வேகமாகக் கெடும். முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும்.

பல் துலக்காவிட்டால் முரசுக்கு என்ன நடக்கிறது என்பதை உலகம் அறிந்ததில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரர் 1965 இல் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் முரசழற்சி. திரும்பத் துலக்கியதும் ஏறக்குறைய ஒரு கிழமையில் ஆறியது. பிறகு 1970 முதல் 1985 வரை அவருடைய குழு நம் மலையகத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைத் தொடர்ந்து பார்த்தது. எல்லாரும் தமிழர். வழமையான பல் துலக்கல் இல்லாதவர்கள். 8 சதவீதத்தினருக்கு முரசு நோய் மிக வேகமாக ஓடியது, 81 சதவீதத்தினருக்கு நடுத்தரம், 11 சதவீதத்தினருக்கு முரசழற்சிக்கு மேல் போகவில்லை. வேகமாகக் கெட்டவர்கள் 45 வயதுக்குள் ஏறக்குறையப் பல் எல்லாவற்றையும் இழந்தார்கள். இந்தக் கணக்கை எந்த நாட்டுப் பல் மருத்துவ மாணவரும் படிக்கிறார். தேயிலைக்குள்ளேயே வாழ்ந்த அந்த மனிதர்களின் முரசைத் தேயிலைத் தனின் காப்பாற்றவில்லை.


சம்மாந்துறை மூலிகை
சனி, இரவு 10.40

டொக்டர், அந்த ஆய்வின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள். அந்தத் தொழிலாளரிடம் சூத்தைப் பல் அநேகமாக இருக்கவே இல்லை. அது எங்கே போனது? நம் மருந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. இதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்தியாவில் பாடசாலைப் பிள்ளைகளிடம் திரிபலாத் தண்ணீரையும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லிக் கழுவுநீரையும் ஒப்பிட்டு 2011 இல் வெளிவந்த ஆய்வும் இருக்கிறது. படலத்தையும் முரசழற்சியையும் குறைப்பதில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்று வந்தது. கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் தனின் காய்கள்.


பல் வைத்தியர் (அம்பாறை மாவட்டம்)
ஞாயிறு, காலை 7.30

வைத்தியர் ஐயா, நீங்கள் சொல்வது சரி. சூத்தை அநேகமாக இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும், மன்னியுங்கள். தேயிலைச் செடி சூத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைட்டையும் மண்ணிலிருந்து இழுத்து இலையில் சேர்த்து வைக்கும், ஆகவே அந்தப் பெருமையைத் தனினுக்கு மட்டும் கொடுக்க முடியாது. ஆனால் சூத்தை வேறு, முரசு நோய் வேறு என்பதற்கு அந்த 480 பேரைவிட நல்ல சாட்சி இல்லை. சூத்தை சீனியும் அமிலமும் சேர்ந்து செய்வது. படலத்தின் அமிலத்தன்மை 5.5 என்ற பிஎச் அளவுக்குக் கீழே இறங்கினால் மினுக்கு கரையும். முரசு நோய்க்குச் சீனி தேவையில்லை, படலம் இருந்தால் போதும்.

திரிபலா ஆய்வையும் ஏற்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு முரசழற்சி, எலும்பு கரையவில்லை. அந்தக் கட்டத்தில் துவர்ப்புக் கழுவுநீர் உதவும் என்பதை நான் என் நோயாளிகளுக்கும் சொல்வேன். குளோர்ஹெக்சிடின் வாயில் ஏறக்குறைய 12 மணித்தியாலம் ஒட்டி நின்று வேலை செய்யும், ஆனால் பல்லைப் பழுப்பாக்கும், நாக்கின் ருசியைக் கெடுக்கும். அதைப் பாவிக்கும் நாட்களில் சாயத் தேத்தண்ணி குடித்தால் கறை இன்னும் கூடும்.


நிந்தவூர் ராத்தா
ஞாயிறு, காலை 9.05

எங்கட வாப்பா ஐந்து நேரமும் மிஸ்வாக் செய்வார். 70 தாண்டியும் பல் உறுதியா இருந்திச்சு. உகாய் மரத்துட வேர்தான் மிஸ்வாக். டொக்டர், அதுலயும் தனின்தானா வேலை செய்யுது?


பல் வைத்தியர் (அம்பாறை மாவட்டம்)
ஞாயிறு, காலை 9.50

தனினும் உண்டு ராத்தா. ஆனால் மிஸ்வாக்கை மென்றதும் கடுகு மாதிரி ஒரு காரம் ஏறுமே, அந்தக் காரப் பொருள்தான் முரசு நோய்ப் பக்டீரியாவை அதிகம் தாக்குகிறது. உலக சுகாதார நிறுவனமே 1980களில் குச்சியால் துலக்கும் வழக்கத்தை ஊக்குவித்தது. உங்கள் வாப்பாவின் வெற்றியில் பெரிய பங்கு அந்த ஐந்து நேரத்துக்கும் தும்புக்கும் உரியது. ஒரு நாளைக்கு ஐந்து முறை படலத்தைக் கலைத்தால் அது காறையாக இறுக நேரமே கிடையாது.


ஆலையடிவேம்பான்
ஞாயிறு, பகல் 12.10

அப்ப வெத்திலை பாக்கும் நல்லதுதானே? பாக்குலயும் துவர்ப்பு இருக்கு. வெத்திலை போடுற கிழடுகளுக்குப் பூச்சிப்பல் இல்லையே.


பல் வைத்தியர் (அம்பாறை மாவட்டம்)
ஞாயிறு, பகல் 12.35

இல்லை அண்ணன். தயவுசெய்து இல்லை.

பாக்கில் தனின் நிறைய இருக்கிறது, ஆபத்தே அங்கேதான். பாக்கில் உள்ள அரெகொலின் என்ற பொருள் கன்னத்துக்குள் நார்த்திசுவை வளரவைக்கிறது. பாக்குத் தனின் அந்த நாரை இறுக்கி, உடம்பு அதைக் கரைக்க விடாமல் தடுக்கிறது. தோல் பதனிடுபவர் ஆட்டுத்தோலுக்குச் செய்வது உயிரோடு இருக்கும் கன்னத்தில் நடக்கிறது. கன்னம் வெளிறி, பலகை மாதிரி விறைத்து, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். என் கதிரையில் ஒருவர் இருந்தார், வயது நாற்பது இருக்கும், வாயைத் திறந்தால் என் ஒரு விரல்தான் உள்ளே போகும். சோற்றுக் கவளத்தைத் தட்டையாக்கி உள்ளே தள்ளிச் சாப்பிடுகிறார். புகையிலை சேர்க்காத பாக்கையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்ற முதலாம் வகுப்பில் வைத்துவிட்டது.

வாய்க்குள் வெள்ளைத் தடிப்பு, சிவப்புத் தடிப்பு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மிளகாய் பட்டால் தாங்க முடியாத எரிவு: இவை இருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் நாளைக்கே காட்டுங்கள்.


ஆலையடிவேம்பான்
ஞாயிறு, பிற்பகல் 1.20

எங்கட சின்னம்மாக்கு அந்த எரிவு இருக்கு. கறிக்கு உறைப்புப் போடாதே எண்டுதான் எப்பவும் சண்டை. திங்கள் கூட்டிப் போறன்.


நாவற்குடா ரசாயனம்
ஞாயிறு, மாலை 4.00

தேத்தண்ணி பற்றிக் கேட்டு ஒருவர் தனியாக எழுதினார், இங்கேயே சொல்கிறேன். பால் ஊற்றினால் பாலின் கேசீன் தனினைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்குவது அதனால்தான். சாயத்தில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டுத் தனின் பல்லைக் காக்கும் என்று இருக்கவேண்டாம். அந்தச் சீனிதான் மியூட்டன்ஸின் பசைக்கு மூலப்பொருள்.


படுவான்கரைப் பிள்ளை
புதன் (ரெண்டு கிழமைக்குப் பிறகு), இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி சொல்லோணும். போன கிழமை மாமியக் கூட்டிக்கொண்டு போனன். ஒரு இளம் டொக்டர் பிள்ளை, முக்கால் மணித்தியாலம் பொறுமையாப் பாத்தா. கோடு போட்ட மெல்லிய கம்பிய முரசுக்குள்ள விட்டு ஒவ்வொரு பல்லா அளந்து நம்பர் சொல்ல, பக்கத்துல நிண்டவ எழுதினா. மூணு மில்லிமீற்றர் வரைக்கும் சுகமாம். மாமிக்குப் பின்பல்லுல அஞ்சு, ஆறு. ஆடுற ரெண்டுலயும் ஏழு.

கீழ் முன்பல்லுக்குப் பின்னால இருந்து எடுத்த காறையத் துணியில வச்சுக் காட்டினா. கறுப்பா, சிப்பி ஓட்டுத் துண்டு மாதிரி. துவர்ப்புச் சாயம் பிடிச்சுத்தான் அந்தக் கறுப்பு எண்டா. மாமி அத விரலால தொட்டுப் பாத்துட்டு ஒண்டும் பேசல்ல. வெளியில வந்து பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள, "இதுவா மனே எனக்குள்ள இருந்தது" எண்டு கேட்டா.

சீனி 210. அதுக்கும் மருந்து தொடங்கியாச்சு. ரெண்டு பல்லையும் இப்ப எடுக்கல்ல, காறை எல்லாம் எடுத்த பிறகு இறுகுதா எண்டு பாப்பமாம்.

மாமி விழுத விடமாட்டன் எண்டு டொக்டருக்கே சொல்லிட்டா. அவ சிரிச்சுக்கொண்டு, ராவைக்கு பிரஷும் ஃப்ளோரைட் பேஸ்ட்டும், காலையில வேணுமெண்டா இளவிழுது, ஆனா திரும்ப ரத்தம் வந்தாத் துவர்ப்பால மறைக்காம வந்து காட்டோணும் எண்டு சத்தியம் வாங்கினா.

காறை எடுத்த மற்ற நாள் பிரஷ் பட்டதும் கொஞ்சம் ரத்தம் வந்திச்சு. மாமி பயந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. இப்ப அது குறைஞ்சிட்டு. பட்டைத் தண்ணி வைக்கல்ல.

திங்கட்கிழமை மேல்வரிசைக்குப் போகோணும்.